வெள்ளக்கோடு

கரைவிளாகத்தில் வரலாற்றுக் கழகம் என்று ஒன்று இருப்பது ஊரில் பாதிப் பேருக்கு அதன் நோட்டீஸ் மூலமாகத்தான் தெரியும். பாளையங்கோட்டையில் அச்சடித்து டவுன் பஸ்ஸில் கொண்டுவந்து ரேஷன் கடைச் சுவரிலும் டீக்கடைத் தட்டியிலும் ஒட்டுவார்கள். ஆடு தின்றது போக மிச்சத்தை ஊர் படிக்கும். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து நோட்டீஸ் ரோஸ் தாளில் வந்திருந்தது. ஐப்பசியில் படித்துறைக் கல்வெட்டுகள் பற்றிச் சொற்பொழிவு. கார்த்திகையில் ‘வெள்ளம் கண்ட ஓராண்டு’, செயலாளரின் சிறப்புரை. மார்கழியில் ஆறு கடலில் சேரும் இடம் காணப் புன்னக்காயல் பயணம். தையில் பழம்பாத்திரக் கண்காட்சி. அன்பர்கள் தத்தம் வீட்டுப் பித்தளை, வெண்கலங்களைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்ப எடுத்துச் செல்லவும்.

செயலாளர் ஐயம்பெருமாள் பிள்ளை. ஹைஸ்கூல் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனுஷர் வீட்டில் சும்மா இருந்தால் அடுப்படியில் வந்து குற்றம் கண்டுபிடிப்பார். அதற்கு ஊரின் வரலாற்றைக் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல் என்று அவர் சம்சாரம் ஞானம்பாள் நினைத்தாள். கழகத்தின் தலைவர் அக்ரஹாரத்து சுந்தர்ராமன், பாங்கியில் மேனேஜராக இருந்தவர். உறுப்பினர்கள் என்று கைவிரலுக்குள் அடங்கும் சிலர். கூட்டம் முடிந்ததும் கொடுக்கும் காராச்சேவுக்கும் சுக்குக் காப்பிக்கும் வருகிறவர்களைச் சேர்த்தால் கூடம் நிறைந்துவிடும்.

வடிவம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ரோஸ் தாளைப் பார்த்தபோது தட்டாசாரி கடை திறப்பு விழா என்று நினைத்தாள். அவள் ஐயம்பெருமாள் பிள்ளை வீட்டில் தொழுவம் கூட்டி, சாணி அள்ளி, வயல் வேலை வந்தால் வயலுக்கும் போகிறவள். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் பிசான நடவை நிறுத்திவிட்டார்கள். தொழுவத்துச் சார்ப்பில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஞானம்பாள் வாசற்படியில் நின்று சொன்னாள்.

“ஏளா வடிவு, வார ஞாயித்துக்கிழம உங்க ஐயா வெள்ளத்தைப் பத்திப் பேசுதாகளாம். மேட்டுப் பள்ளிக்கூடத்துல.”

சுளகு நின்றுவிட்டது.

“எந்த வெள்ளம் ஆச்சி?”

“எந்த வெள்ளம்? போன வருசத்து வெள்ளந்தான். ராவும் பகலும் அதே எழுத்துதான். சோறு ஆறிப்போவுது, கூப்பிட்டா காதுல விழமாட்டேங்கு.”

வடிவு சுளகைக் கீழே வைத்தாள். உளுந்து தோலெல்லாம் அவள் முழங்காலில் ஒட்டியிருந்தது.

“ஆச்சி, அன்னைக்கு ஐயா எங்கிட்டச் சொன்னதையும் சொல்லுவாகளா?”

ஞானம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் அந்த ஒரு வருஷமாக வடிவு முகத்தை நேராகப் பார்க்க அவளுக்குச் சிரமம் இருந்திருக்காது.

“கேட்டுப் பாரு” என்றாள் கடைசியில். “நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத.”

“நீங்களும் அன்னைக்குப் புறவாசல்ல நின்னுக்கிட்டுதான இருந்திய?”

“நின்னேன். காதுலயும் கேட்டேன். ஆம்பளை சொல்லும்போது குறுக்க நான் என்னத்தச் சொல்ல? இன்னமும் அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். புடைச்சு முடிச்சா உள்ள வந்து நீத்தண்ணி வாங்கிக் குடி.”

உள்ளே என்றால் புறவாசல் படி வரைக்கும்தான். அந்த வீட்டு நடையை வடிவு தாண்டியது ஒரே ஒரு நாள். அந்த நாளைத்தான் கழகத்தார் நோட்டீஸில் போட்டிருந்தார்கள்.

போன வருஷம் ஐப்பசிக் கடைசி. மழை நாள் கணக்காக விடவில்லை. அன்றைக்குக் காலையில் அவள் புருஷன் பூதத்தான் சீவலப்பேரிக்கு வரப்பு அடைக்கும் வேலைக்குப் போனான். மகள் கோமு காய்ச்சலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அவளுக்குப் பதினோரு வயது, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பூதத்தான் மகள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஆத்துல தண்ணி கூடுச்சுன்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நேரா பள்ளிக்கூட மேட்டுக்குப் போயிருளா. நான் வாரத எதிர்பாக்காத.” அதைத் திரும்பவும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் போனான்.

மத்தியானத்துக்கு மேல் கீழத்தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. வடிவு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இரண்டு ஆடுகளையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள். பள்ளிக்கூட மேட்டுக்குப் போகிற வழியில்தான் படித்துறை மண்டபம். அதற்கு எதிரே பிள்ளை வீட்டுப் புறவாசல். பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு ஆள் தேடி நின்றுகொண்டிருந்தார்.

“எங்க போற வடிவு? பள்ளிக்கூடத்துக்கா? அங்கன ஓடு பூரா ஒழுகுது. காய்ச்சக்காரப் பிள்ளைய அதுல கொண்டுபோய்ப் போடுதியே! மண்டபத்துல உக்காத்து. சொட்டுத் தண்ணி ஒழுகாது. வெள்ளக்கோட்டுக்கு மேல இந்த ஆறு வந்ததா சரித்திரமே கிடையாது. கோடு முட்டளவு. மேடையில ஏத்தி உக்காத்தினா காலுகூட நனையாது. நீ வெரசா இங்க வா. கார் நெல்லு அம்புட்டும் கீழறையில கெடக்கு, மச்சுல ஏத்தணும்.”

வெள்ளக்கோடு அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மண்டபத்து ஆற்றோரத் தூணில், முழங்கால் உயரத்தில் உளியால் வெட்டிய கோடு. என்றைக்கோ ஒரு பெருவெள்ளம் அதுவரை வந்து வடிந்ததாகப் பேச்சு. பிள்ளை வேலையில் இருந்த காலமெல்லாம் வருஷா வருஷம் மாணவர்களை வரிசையாகக் கூட்டிவந்து அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டுவார். கோடும் நிஜம், காட்டுகிற வாத்தியாரும் நிஜம். வடிவு எதைச் சந்தேகப்படுவாள்? மகளை மண்டபத்து மேடையில் சாக்கைப் போர்த்தி உட்கார வைத்தாள். ஆட்டுக் கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். “பைய உக்காந்திரு மக்கா, அம்மா இந்தா வந்திருதேன்” என்றாள்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் பிள்ளை வீட்டு நடையைத் தாண்டி, பட்டகசாலைக் கூடத்தைத் தாண்டி, மச்சுப்படி ஏறினாள். தலையில் நார்ப்பெட்டி நிறைய நெல். எத்தனை நடை ஏறி இறங்கினாளோ, அவளுக்கே கணக்கில்லை. மகளையும் உள்ளே கூட்டிக்கொண்டு வா என்று யாரும் சொல்லவில்லை; கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆற்றுப் பக்கமிருந்து மரம் முறிகிற மாதிரிச் சத்தம் வந்தது. அவள் புறவாசலுக்கு ஓடிவந்தபோது மண்டபத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஆறு போய்க்கொண்டிருந்தது. மண்டபத்தின் மேல்தளம் மட்டும் தெரிந்தது.

ஆடுகள் இரண்டும் கயிற்றை உருவிக்கொண்டு தாமாகவே பள்ளிக்கூட மேட்டுக்குப் போய் நின்றிருந்தன. கோமுவைத் தண்ணீர் வடிந்த பிறகு கீழே ஒரு உடைமரத்தடியில் கண்டெடுத்தார்கள்.

இழவு வீட்டுக்குப் பிள்ளை வந்தார். தெருமுனையில் குடையோடு நின்று, பக்கத்தில் நின்றவரிடம், “மண்டபத்துல விட்டுட்டு வந்திருக்கா பாருங்க, சின்னப் பிள்ளைய” என்றார். பொய் என்று சொல்ல அதில் ஒரு வார்த்தை கிடையாது. பூதத்தான் காதில் அது விழுந்தது. அவன் தலையை நிமிர்த்திப் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தரையில் புரண்டு கொண்டிருந்தாள்.

பிற்பாடு அவள் சொன்னாள். ஐயாதான் உட்கார்த்தி வைக்கச் சொன்னாக என்று அழுதுகொண்டே சொன்னாள். பூதத்தான், “செத்த பிள்ளை மேல சத்தியமா இன்னொருத்தர் தலையில பழியப் போடாத. நாலெழுத்துப் படிச்ச மனுசன் அப்படிச் சொல்லுவாரா? நான் படிச்சுப் படிச்சு உங்கிட்டச் சொல்லிட்டுப் போனேன்” என்றான். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. கூலியை மாடக்குழியில் வைத்துவிடுவான். சாப்பாடு அண்ணன் வீட்டில், படுக்கை சாவடியில். உடுமாற்றுத் துணி எடுக்கவும் ஆட்டைப் பார்க்கவும் மட்டும் வீட்டுக்கு வருவான். அடித்திருந்தாலும் வைதிருந்தாலும் வடிவுக்கு அது ஒரு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆக, அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை தன் வாயால், பூதத்தான் கேட்க, நான்தான் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் கிடைத்தால் புருஷன் திரும்பி வந்துவிடுவான் என்று அவள் நம்பினாள். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு பிள்ளை அதைச் சொல்வதையும் பூதத்தான் கேட்பதையும் விதவிதமாக நினைத்துப் பார்ப்பாள்.

மழை வெறித்ததும் உளுந்தை அளந்து வைத்துவிட்டு, முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலோரம் நின்றாள். பிள்ளை மேஜையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் அளவுநாடா. முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. பேரன் பிறந்த செய்தி வந்த அன்றைக்குத்தான் அவரை அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள்.

“என்ன வடிவு?”

“ஐயா, ஞாயித்துக்கிழமக் கூட்டத்துல வெள்ளத்தைப் பத்திப் பேசுதியளாம்.”

“ஆமா. நீயும் வரணும். நானே சொல்லிவிடணும்னு இருந்தேன்.”

“அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியல்லா, பிள்ளைய மண்டபத்துல உக்காத்திட்டு வான்னு. அதைக் கூட்டத்துல சொல்லணும்யா.”

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். மறுத்தால் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொள்வது என்றுகூட ஒரு எண்ணம் இருந்தது. பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அதத்தானளா பேசப்போறேன்! கேளு இங்க. அந்தக் கோடு பொய்க்கோடு.”

“பொய்யா?”

“கோடு மெய்தான். இருக்க இடம் பொய். எங்கப்பா கோயில் தர்மகர்த்தாவா இருக்கையில மண்டபம் ஒருபக்கமாச் சரிஞ்சு போச்சு. எடுத்துக் கட்டினாங்க. கட்டும்போது கொத்தன் அந்தத் தூணோட மேக்கல்லைக் கீழயும் கீழ்க்கல்லை மேலயும் மாத்தி வச்சுட்டான். மத்த தூணுலெல்லாம் தாமரைப்பூ உச்சியில இருக்கு. இந்த ஒரு தூணுல மட்டும் பூவு காலடியில இருக்கு. நானும் சின்ன வயசுல இருந்து பாக்கேன், மண்டையில உறைக்கவே இல்லை பாத்துக்கோ. போன மாசந்தான் கல்வெட்டுப் பேச்சுக்காக அளந்துக்கிட்டு இருக்கும்போது பளிச்சுன்னு பிடிபட்டுச்சு. முட்டளவுன்னு நாம நெனச்சுக்கிட்டு இருந்த கோடு, உள்ளபடிக்குத் தலைக்கு மேல இருக்கவேண்டிய கோடு!”

அவர் கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். அந்தக் கையையே வடிவு பார்த்தாள்.

“உங்க தலைக்கு மேலயா ஐயா, எம்பிள்ளை தலைக்கு மேலயா?”

கை இறங்கிவிட்டது. பிள்ளை கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார்.

“நான் வேணும்னா சொன்னேன் வடிவு? எனக்கும் பேரன் பேத்தி இருக்கு. கல்லுல வெட்டி வச்சிருந்ததை நம்பினேன். எங்கப்பா நம்பினாரு, ஊரு நம்புச்சு.”

“உங்களக் குத்தம் சொல்ல வரலைய்யா. நான் யாரு குத்தம் சொல்ல? அவரு என்கூடப் பேசமாட்டேங்காரு. ஒரு வருசமாச்சு. நானா விட்டுட்டு வந்தேன்னு நெனைக்காரு. நீங்க சொல்லித்தான் விட்டேன்னு அவரு காது கேக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“சொல்லுதேன்.”

“எம்பேரச் சொல்லணும்.”

“சொல்லுதேன்னுதான் சொல்லுதேன்லா. பூதத்தானக் கூட்டிட்டு வா.”

பேசாத புருஷனை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? அன்றைக்குச் சாயங்காலம் பூதத்தான் ஆட்டுக்கு அகத்திக்குழை கட்ட வந்தான். வடிவு அடுப்படியில் இருந்து எழுந்து வந்து ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அந்த ஒரு வருஷமாக அவள் புருஷனிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் ஆட்டிடம்தான் சொல்லிவருகிறாள். கூரை ஒழுகுவதில் இருந்து அவள் அக்கா மகள் சடங்கு வரைக்கும் அந்த ஆட்டுக்குத் தெரியும்.

“கேட்டியா, வார ஞாயித்துக்கிழம மேட்டுப் பள்ளிக்கூடத்துல கூட்டம். பிள்ளைவாள் வெள்ளத்தைப் பத்திப் பேசுதாரு. அன்னைக்கு மண்டபத்துல என்ன நடந்துச்சு, யாரு என்ன சொன்னாகன்னு அவரு வாயாலயே சொல்லுதாராம். காதுள்ளவுக வந்து கேட்டுட்டுப் போவட்டும். அதுக்கப்புறமும் பேசப்பிடிக்கலைன்னா நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

பூதத்தான் குழையைக் கட்டிக்கொண்டே இருந்தான். முடிச்சைப் போட்டான், அவிழ்த்தான், மறுபடி போட்டான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. வடிவு தலைக்குக் குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் கூட்டத்துக்குப் போனாள். அடுப்பில் சோறும் கருவாட்டுக் குழம்பும் இரண்டு ஆளுக்கு ஆக்கி மூடி வைத்துவிட்டுத்தான் போனாள்.

பள்ளிக்கூடத்துக் கூடத்தில் முன்னால் நாற்காலிகள், அதற்குப் பின்னால் பெஞ்சுகள், அதற்குப் பின்னால் தரை. வடிவு தரையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். சுவர் காய்ந்து கிடந்தது. அவள் நிமிர்ந்து ஓட்டைப் பார்த்தாள். போன வருஷம் எங்கே ஒழுகியதோ, அடையாளம் தெரியவில்லை. பூதத்தான் வந்துவிட்டான். உள்ளே வராமல் வாசல் தூணில் சாய்ந்துகொண்டு நின்றான். 

சுந்தர்ராமன் வரவேற்புரை சொன்னார். கழகம் இதுவரை செய்தது, இனிமேல் செய்யப்போவது எல்லாவற்றையும் சொல்லி, நோட்டீஸில் இருந்ததை ஒரு தடவை வாசித்தும் காட்டினார். பிறகு பிள்ளை எழுந்தார். நல்ல பேச்சுக்காரர். பொதிகையில் ஆறு பிறப்பதில் ஆரம்பித்தார். ஊரைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றைச் சொன்னார். மழை, வெள்ளம், மிதந்துபோன வைக்கோல் படப்பு எல்லாவற்றையும் கண்முன்னே கொண்டுவந்தார். பெஞ்சில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு தூணுக்கு வந்தார். கரும்பலகையில் சாக்பீஸால் இரண்டு தூண் வரைந்து, தாமரையை ஒன்றில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் போட்டுக் காட்டினார். கல் மாறிப்போன விஷயத்தைச் சொன்னபோது கூடமே எட்டிக் கரும்பலகையைப் பார்த்தது. எடுத்துக் கட்டியபோது தர்மகர்த்தா யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

“அன்பர்களே, இந்தப் பிழையான கோட்டை நம்பியவர்களில் முதல் ஆள் நான்தான். அன்று பிற்பகல் இந்த மேட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு தாயைத் தடுத்து, மண்டபத்தில் குழந்தையை உட்கார வை, வெள்ளக்கோட்டைத் தண்ணீர் தாண்டாது என்று சொன்னவன் நான். அந்தத் தாய் வடிவம்மாள் இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை பெயர் கோமு. நான் சொல்லித்தான் விட்டாள். இதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.”

 கண்ணாடியைக் கழற்றினார். அது நடிப்பு இல்லை. மனுஷர் மெய்யாகவே கலங்கிவிட்டார்.

சொல்லிவிட்டார். அவள் கேட்டபடியே, அவள் பேரைச் சொல்லி, கோமு பேரையும் சேர்த்து. வடிவு திரும்பி வாசலைப் பார்த்தாள். பூதத்தான் தூணில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து நின்றான்.

அப்போது முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். அப்புறம் பெஞ்சு, அப்புறம் கூடம் முழுக்க. சுந்தர்ராமன் எழுந்துபோய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தத் துணிச்சல் யாருக்கு வரும்? தான் செஞ்ச தப்பை நாலு பேர் முன்னாடி சொல்றதுக்குப் பெரிய மனசு வேணும். இதுக்குப் பேர்தான் சரித்திர ஆராய்ச்சி. பிள்ளைவாள் கண்டுபிடிச்ச இந்த உண்மையால இனிமே இந்த ஊர்ல ஒரு உயிர் போகாது” என்று சொல்லி, தயாராக வைத்திருந்த சால்வையை அவர் தோளில் போர்த்தினார். மறுபடியும் கைதட்டல். பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே போர்த்திக்கொண்டார்.

“அந்த அம்மா எங்க? கொஞ்சம் எழுந்திரும்மா, எல்லாரும் பாக்கட்டும்.”

வடிவு எழுந்து நின்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் யாரோ த்சொ என்றாள்.

“சரிம்மா, உக்காரு” என்றார் சுந்தர்ராமன். “அடுத்தபடியா ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு. வர மாசமே அந்தக் கல்லை உரிய இடத்துல எடுத்து வைக்கறதா கழகம் தீர்மானம் பண்ணியிருக்கு. பக்கத்துல பிள்ளைவாள் பேர்ல ஒரு விளக்கப் பலகையும் வைக்கறோம். மார்கழி முதல் ஞாயித்துக்கிழமை புன்னக்காயல் பயணம். பேர் குடுக்காதவா இன்னைக்கே குடுத்துடணும்.”

பின்னால் இருந்து ஒருத்தர் எழுந்தார். “அண்ணாச்சி, புன்னக்காயலுக்கு மத்தியானச் சாப்பாடு கழகம் குடுக்குமா, இல்ல நாங்க கட்டிக்கிட்டு வரணுமா?”

“புளியோதரை கழகம் பாத்துக்கும். தண்ணி மட்டும் கொண்டு வந்துருங்கோ.”

“மீன் வாங்கியாற நேரம் விடுவாகளா?”

கூடம் சிரித்தது. சுந்தர்ராமனும் சிரித்தார். பிள்ளைகூடச் சால்வையைச் சரிசெய்துகொண்டு லேசாகச் சிரித்தார். ஞானம்பாள் மட்டும் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். காராச்சேவுப் பொட்டலமும் காப்பியும் வரிசையாக வந்தன. வடிவு கையிலும் ஒரு பொட்டலத்தைத் திணித்தார்கள். அதை வைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

பூதத்தான் போகவில்லை. படிக்குக் கீழே அவளுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் நடக்க ஆரம்பித்தான். ஆனால் எட்டி நடக்காமல் அவள் கூடவே வரும்படியாகப் பைய நடந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு பாதையில் ஒன்றாக நடந்தார்கள். மேட்டில் இருந்து இறங்கும்போது வயல்கள் பாதி நட்டும் பாதி நடாமலும் கிடந்தன. மண்டபம் வந்தது. தாண்டினார்கள்.  தான் ஏதாவது சொல்லி அது கெட்டுப்போய்விடக் கூடாது என்று வடிவுக்குப் பயமாக இருந்தது. வீட்டில் குழம்பு ஆறியிருக்கும், போனதும் சுடவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கீழத்தெரு முனையில் பூதத்தான் நின்றான். சாவடிக்குப் பிரிகிற இடம் அது.

“அவரு சொன்னது உள்ளதுதான் போல” என்றான்.

“ஆமா” என்றாள். அழுகை வந்துவிட்டது. “நான் அன்னைக்கே சொன்னேன்லா. நீங்கதான் நம்பலை. நான் ஒருநாளும் பொய் சொல்லலை.”

“நீ பொய் சொல்லலை. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன். இம்புட்டு நாளும் என்ன நெனச்சேன் தெரியுமா? காய்ச்சக்காரப் பிள்ளைய இடுப்புல தூக்கிச் சுமக்க மாட்டாம, இல்லைன்னா நான் சொன்னதை மறந்துபோய்தான் நீ அங்கன விட்டிருப்பன்னு நெனச்சேன். மனுச உடம்புதான, மறதிதான, என்னைக்காவது ஒருநா மனசு ஆறிரும், வீட்டுக்குப் போயிருவோம்னுகூட நெனச்சிருக்கேன்.”

அவன் குரல் உயரவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நீ மறக்கலை. தூக்கவும் மாட்டாம இல்லை. பாதி வழி தூக்கிக்கிட்டு வந்திருக்க. அவரு ஒரு வார்த்தை சொன்னாரு, இறக்கி வச்சுட்ட. அவரு கல்லை நம்பினாரு. நீ அவர நம்பின. நான் உன்னைய நம்பித்தானளா போனேன்.”

சொல்லிவிட்டுச் சாவடிப் பக்கம் திரும்பி நடந்தான். வடிவு அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுச் சொல்ல அவளிடம் இருந்தது, ஐயா சொல்லித்தான் விட்டேன் என்ற ஒரே ஒரு வார்த்தை. அதைப் பிள்ளைவாள் சபையில் சொல்லி முடித்து, கைதட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.